‘ஆம்’ என்று அழுத்துகிற அப்பா

1

இது கதையாக வேண்டிய விஷயமே இல்லை. காசு கொடுக்காமல் கிடைக்கிற செயலிகளை வைத்து மாணவர்கள் படிப்பை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். அதற்காகச் சேலத்தில் ஒரு கல்லூரிக்குப் போனேன். இறுதியாண்டு படிக்கும் மோகனப்பிரியா தன் கைப்பேசியில் போன வருஷத்துக் காலண்டரைக் காட்டினாள். வகுப்பு நீலத்தில், தேர்வு சிவப்பில், துணி துவைக்கிற நாள்கூடப் பச்சையில். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: ‘நந்தகுமார் வருகிறார்.’

யார் என்று கேட்டேன். அப்பா என்றாள். கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘திருச்செங்கோட்டு வெயிலில் ஒரு ரிக் வண்டி…’ வேண்டாம். வண்டி அங்கே இல்லை.

இரண்டாவது: ‘தனிமை என்பது’

இதை எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நந்தகுமார் திருச்செங்கோட்டுக்காரர்; போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். சத்தீஸ்கர் பக்கம் குழாய்க்கிணறு தோண்டப் போனால் மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவார். வண்டி ஓடுகிற இரைச்சலில் மகள் சொல்கிற தேதி எதுவும் அவர் காதில் நிற்காது. அதனால் அவள் அவருடைய மின்னஞ்சலையும் தன் காலண்டரில் சேர்த்தாள். தேர்வு தேதியைப் போட்டால் அவருக்கு அழைப்பு போகும். கீழே மூன்று பொத்தான்கள்: ஆம், இல்லை, இருக்கலாம்.

அவர் ‘ஆம்’ அழுத்தினார்.

மறுநாள் ஆய்வகத் தேர்வு. அதற்கும் ஆம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நூலகத்துக்குப் போவதையும், பல் டாக்டரைப் பார்ப்பதையும், துணி துவைப்பதையும் அனுப்ப ஆரம்பித்தாள். எல்லாவற்றுக்கும் அவர் வருவதாக இருந்தது.

(நிஜ மோகனப்பிரியாவுக்கு அம்மா உண்டு. முதல் வரைவில் அந்த அம்மா அடிக்கடி போன் செய்து ‘சாப்டியா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதை நகரவில்லை. எடுத்துவிட்டேன். விடுதி அறையில் இவள் இவ்வளவு தனியாக இருப்பதற்குக் காரணம் நான்தான்.)

3

கல்லூரியில் மாணவர்களின் ப்ராஜெக்ட் கண்காட்சி வந்தது. பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மோகனப்பிரியா அழைப்பு அனுப்பினாள். ஆம் என்று வந்தது.

அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் அழுத்துகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அடுத்த மேஜை வகுப்புத் தோழி நிகத்துடையது. அவள் வீட்டிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். நிகத்தின் அத்தா கரீம் பாஷா இவள் செய்ததையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்பா வரவில்லையா என்று கேட்டார்.

“வர்றாருங்க” என்றாள்.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவை அழைத்தாள். அன்று வண்டி பழுதாகி நின்றிருந்தது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஆமான்னு போட்டிருந்தீங்களேப்பா.”

“படிச்சுட்டேன்னு சொல்றதுக்குப் போட்டேன் சாமி. அமுக்குனா வாரேன்னு அர்த்தமா?”

அவள் தன் மேஜைப் பக்கத்து நாற்காலியையும் எடுத்து அடுக்கின்மேல் வைத்தாள்.

“நீ அனுப்பறதுக்கு இல்லைன்னு எப்படிச் சாமி போடறது?” என்றார்.

4

அதற்குப் பிறகு அவர் போட ஆரம்பித்தார்.

தேர்வு: இல்லை. கருத்தரங்கு: இல்லை. துணி துவைப்பது: இல்லை. மகளை இனி ஏமாற்றிவிடக் கூடாது என்று நேர்மையாக, அனுப்பிய அன்றே அழுத்தினார். இந்த வருஷப் பக்கங்களை அவள் எனக்குக் காட்டினாள். இத்தனை ஒழுங்கான காலண்டரை நான் பார்த்ததில்லை. இவ்வளவு ஆளற்ற ஒன்றையும்.

அழைப்பதை நிறுத்திவிடலாமே என்றேன். நிறுத்தினால் இதுவும் வராது என்றாள்.

5

முடிவுகள்.

அ) ரிக் முதலாளி விடுப்புக் கொடுக்கிறார். நந்தகுமார் உடம்பெல்லாம் செம்மண்ணோடு பட்டமளிப்பு அரங்கின் வாசலில் (இல்லை. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம்.)

ஆ) அவள் அவர் பெயரைக் காலண்டரிலிருந்து நீக்குகிறாள். பிறகு

இ) நான் பார்த்தது மட்டும்: பட்டமளிப்பு விழாவுக்கான அழைப்பை அவள் அனுப்பிச் சில நாளாகியிருந்தது. அதற்குப் பின் அனுப்பிய இரண்டு மூன்று அழைப்புகளுக்கு ‘இல்லை’ வந்துவிட்டது. இதற்கு மட்டும் எந்தப் பதிலும் இல்லை.

“இல்லைன்னா அன்னைக்கே போட்டிருப்பாருங்க்கா” என்றாள்.

கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன்.

“கேட்டா சொல்லிருவாருங்க.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் வைத்திருக்கிற பதிலை நான் எழுதித் தீர்ப்பது முறையாகாது. உங்களுக்கு அவரை வரவழைக்கத் தோன்றினால் வரவழையுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடிவெடுத்தால் நல்லது. சத்தீஸ்கர் தூரம்.