எஞ்சின் ஓடும்வரை

மூன்று நாள் தறி ஓடாது என்று முதலாளி கோவிந்தராஜுலு சொல்லிவிட்டார். அவர் மகளுக்குச் சென்னையில் கல்யாணம். தறி ஓட்டுகிறவர்களை அழைக்கவில்லை. அழைக்காததில் யாருக்கும் வருத்தமும் இல்லை. சோமனூரில் அவருடைய தறி குடோனை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் புவனா, அன்று சாயங்காலமே பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். இந்த முறை கடலுக்குத்தான் என்றாள்.

அவளுக்கு இருபத்தொன்பது வயது. கடலைப் பார்த்ததில்லை. டிவியில் பார்த்ததை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு கோடையிலும் கேட்பாள். ஒவ்வொரு கோடையிலும் அவள் புருஷன் கிருபாசங்கர் வேறு ஏதாவது ஒரு தண்ணீரைக் காட்டிக் கூட்டி வந்துவிடுவான். மலம்புழா போனார்கள், ஆழியாறு போனார்கள், போன வருஷம் கொடிவேரி. மீன் வறுவல் தின்றாள், குளித்தாள், குறை சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, இதெல்லாம் அணை என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்கு முன்னால் நிற்கிற கால் அவளுடையது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். அந்தக் காலோடு ஒரு தடவை கடலில் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

கோயமுத்தூர் உக்கடத்தில் பஸ் ஏறி, பாலக்காட்டில் மாறி, குருவாயூரில் ஒரு லாட்ஜில் இறங்கினார்கள். பெரியவள் நித்யஸ்ரீ ஒன்றாம் வகுப்பு முடித்தவள். சின்னவள் கனிஷ்காவுக்கு ஒன்றரை வயது. சாவக்காடு கடற்கரை பக்கம்தான், காலையில் சாமி கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் போய்விடலாம் என்றான் கிருபாசங்கர்.

கனிஷ்கா தூங்க மாட்டேன் என்றாள். தறி நிறுத்திய அன்றே சிணுங்க ஆரம்பித்தவள்தான், லாட்ஜில் அது அலறலாகிவிட்டது. பால் கொடுத்தால் துப்பினாள். தோளில் போட்டால் முதுகை வில்லாக வளைத்தாள். பக்கத்து அறையில் இருந்த ஈரோட்டுக் குடும்பம் முதலில் பல் முளைக்கிறது என்றது, பிறகு காது வலி என்றது, கடைசியில் கண்ணு பட்டிருக்கும் என்றது. எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: குழந்தையைச் சத்தமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தினார்கள். லொடலொட என்று சுற்றிய ஃபேனையும் நிறுத்தினார்கள். புவனாவும் கிருபாசங்கரும் சாதாரணமாகப் பேசினாலே கத்தல்தான், தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகிய தொண்டை. லாட்ஜ் மேனேஜர் வந்து, இங்கே சண்டை போடக் கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் இருவரும் குசுகுசுவென்றே பேசினார்கள். அறை அமைதியாக ஆக ஆக, குழந்தை இன்னும் உச்சத்துக்குப் போனாள்.

விடிந்ததும் டாக்டரிடம் காட்டினார்கள். காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். ஒன்றுமில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது என்றார். அது அவர்களுக்கே தெரியும். கிருபாசங்கர் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டான். அவன் முகத்தில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. புவனாவும் துணியைப் பையில் அடுக்கினாள்.

"பாத்துப்போட்டுப் போயிரலாமுங்க," என்றாள். "எறங்கக்கூட வேண்டாம். சும்மா நின்னு பாத்துப்போட்டு."

அப்படித்தான் மத்தியானம் தாண்டி அவர்கள் கடலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். புவனா கடலை முதன்முதலாகப் பார்த்தபோது அவள் காதுக்குள் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு கண் அலையில், ஒரு கண் குழந்தையின் வாயில். அலைச் சத்தத்தில் தூங்கிவிடும் பாருங்கள் என்று ஆட்டோக்காரர் நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார். தூங்கவில்லை. அலை வருகிறது, உடைகிறது, அப்புறம் ஒரு மூச்சு நேரம் சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில் கனிஷ்கா மறுபடி அழுகையைப் பிடித்துக்கொண்டாள்.

நித்யஸ்ரீ ஓடிப்போய் ஒரு வாய் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "உப்புத்தண்ணிப்பா! எந்த போர்ல உட்டாங்க இத்தனையும்?" என்று கேட்டாள். அவளுக்கு உப்புத்தண்ணி என்றால் லைன் வீட்டுப் போர் குழாயில் வருவது. துணி துவைக்க, விளையாட, வீணாக்க. வீணாக்கினால் திட்டு விழாத தண்ணீர். அவள் அதற்குள் பாவாடையோடு உட்கார்ந்துவிட்டாள். பெரியவளாவது கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று கிருபாசங்கர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். புவனா நிழல் தேடி மணலில் திரும்பி நடந்தாள்.

மேலே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. யாரோ இரண்டு பேர் ஜூஸ் கேட்க, தொப்பி போட்ட வண்டிக்காரர் எஞ்சின் கயிற்றைச் சுண்டிவிட்டார். டபடபவென்று அது பிடித்துக்கொண்டது. கனிஷ்கா பாதி அழுகையில் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணை உருட்டி வண்டியைப் பார்த்தாள். தலை மெல்ல அம்மாவின் தோளில் சாய்ந்தது.

ஜூஸ் ஊற்றி முடிந்ததும் அவர் எஞ்சினை நிறுத்தினார். குழந்தை வீல் என்றது.

புவனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து தொட்டில் கட்டியது குடோனுக்குள், தறிக்கும் தறிக்கும் நடுவில். இவளைத் தூங்கவைக்க இதுவரை யாரும் பாடியதில்லை. இருபது தறியும் ஓடும். கரண்ட் போனால்தான் இவள் விழிப்பாள். அந்தக் குழந்தையைக் கொண்டுபோய் ஜன்னல் சாத்திய அறையில் போட்டு, ஃபேனையும் நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏனுங் பாய், சித்த நேரம் அத ஓட்டியே உடறீங்களா?"

வண்டிக்காரர் ஷேக் பரீத் நிமிர்ந்து பார்த்தார். "கரும்பு வெக்காம வெறும் எஞ்சின ஓட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான் தங்கச்சி. கோயமுத்தூருங்களா?"

சோமனூர் என்றாள். தறி, குடோன், தொட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கோயமுத்தூர் கோட்டைமேட்டில் பிறந்தவர், பெண் எடுத்த ஊரில் தங்கிவிட்டவர். முழுவதையும் கேட்கக்கூட இல்லை. எஞ்சினைச் சுண்டிவிட்டார். கரும்பு கட்டி வந்த சாக்கை உதறி, புகை அடிக்காத பக்கமாக வண்டியின் நிழலில் விரித்தார். அதன்மேல் தன் தோள் துண்டைப் போட்டார். கிடத்திய கொஞ்ச நேரத்துக்குள் கனிஷ்கா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள்.

புவனா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் கரும்பு சீவிக்கொண்டே, குழந்தையைப் பார்க்கவா கோயமுத்தூரிலிருந்து வந்தீர்கள், அதை ஊரிலேயே பார்க்கலாமே என்றார். தெரியாத ஆளிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டாம், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போங்கள் என்று அவரே சொன்னார். புவனா கூப்பிட்டதும் கிருபாசங்கர் நித்யஸ்ரீயையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். தூங்குகிற மகளைப் பார்த்துவிட்டு, எஞ்சினைப் பார்த்துவிட்டு, மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். ஜூஸுக்கு வந்த ஒருவர், ஆளில்லாமல் எதற்கு மெஷின் ஓடுகிறது என்று கேட்டார்.

"தொட்டில் ஆட்டிட்டிருக்கேன்," என்றார் ஷேக் பரீத்.

புவனா நித்யஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் அலை கணுக்காலில் ஏறி, போகும்போது காலடி மண்ணையும் அரித்துக்கொண்டு போனது. பயந்து ஒரு அடி பின்னால் வைத்தாள், பிறகு இரண்டு அடி முன்னால் வைத்தாள். முழங்கால்வரை நின்றாள். சேலை ஊறிக் கனத்தது. கால் குளிர்ந்து, வலி இருந்த இடமே தெரியவில்லை. அவள் கண் கடலில் இருந்தது, காது கரையில் இருந்தது. இருபது தறியில் எதில் நூல் அறுந்தது என்று சத்தத்திலேயே சொல்கிற காது அது. அலைக்கு நடுவில் டபடப கேட்கிறதா, கேட்கிறது. அது கேட்கும்வரை திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அது விக்கியது. இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

புவனா சடாரென்று திரும்பினாள். அவ்வளவுதான், இதுவே அதிகம் என்று நினைத்துக்கொண்டு மகளை இழுத்தபடி கரையை நோக்கி நடந்தாள். மேலே ஷேக் பரீத் குனிந்து கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கிருபாசங்கர் எழுந்து நின்று, வராதே வராதே என்று கையை ஆட்டினான். கேன் காலியாகும்வரை அவர் டீசலை ஊற்றினார். மறுபடி சுண்டினார். பிடிக்கவில்லை. மறுபடி சுண்டினார். டபடபவென்று பிடித்துக்கொண்டது.

தண்ணீருக்குள்ளேயே நின்று புவனா இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். அவர் பார்க்கவில்லை. கேன் மூடியை மணலில் தேடிக்கொண்டிருந்தார்.

"போலாமாம்மா?" என்று கேட்டாள் நித்யஸ்ரீ.

"இல்ல கண்ணு. இன்னும் கொஞ்சம் உள்ள போலாம்."