நடுத்தரச் சாப்பாடு

கீழ்வேளூர் கடைத்தெருவில் சிமெண்ட் கடை வைத்திருந்த ஹபீப் முகம்மது, தங்கச்சி மகள் நிக்காஹ் விருந்தில் தன் சஹன் தட்டில் வெறும் எலும்பாக வந்ததென்று கோபித்துக்கொண்டார். ஊரே கூடியிருந்த பந்தலில், "அல்லா மேல சத்தியமா, இனிமே யூசுப் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு எழுந்தார். யூசுப், தங்கச்சி புருஷன். எழுந்தவர் பிர்னிப் பாயசத்தை நின்றபடியே காலி செய்துவிட்டுத்தான் வெளியேறினார் என்பது ஊர்ப்பேச்சு.

சத்தியம் ஒரு வருஷம் தாங்கியது. யூசுபின் மகன் அஸார் ஷார்ஜாவில் சூப்பர்வைசராகி, ஊரிலிருந்து ஆள் எடுக்கிறான் என்று சேதி வந்ததும் ஆட்டம் கண்டது. ஹபீபின் மகன் ஃபாஜில் பி.காம். முடித்துவிட்டு, புதிதாக வந்த கேபிள் டிவிக்குக் காவல் இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுத கையோடு, அல்வாப் பொட்டலத்துடன் ஹபீப் அந்தப் படியை மிதித்தார்.

டீக்கடையில் கேலி தாங்காமல் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனார்.

"உறவை அறுக்கற சத்தியத்த முறிச்சது நல்லதுதான்" என்றார் ஹஜ்ரத்.

"அப்ப முடிஞ்சுது."

"எங்க முடிஞ்சுது? முறிச்சதுக்குப் பரிகாரமா கஃப்பாரா குடுக்கணும். பத்து ஏழைங்களுக்கு ரெண்டு வேளை வயிறாரச் சாப்பாடு. இல்லேன்னா உடுப்பு."

"மூணு நோன்பு புடிச்சா போதும்னாங்களே?"

"அது வக்கில்லாதவங்களுக்கு. நீங்க மாடி கட்டிட்டிருக்கீங்க."

ஹபீப் தாடியைத் தடவினார். "என்ன சாப்பாடு போடணும்?"

"உங்க வீட்டுல போடறதுல நடுத்தரமானது. குர்ஆன்லயே இருக்கு."

அந்த ஒரு சொல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு ஹபீப் வீட்டுக்கு வந்தார்.

"கமரு, இன்னிலேர்ந்து கஞ்சியும் தொவையலுந்தான்."

"உடம்புக்கு என்ன?" என்றாள் மனைவி கமருன்னிஸா.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நம்ம வீட்டு நடுத்தரத்தக் கொஞ்சம் எறக்கணும்."

முழு விவரத்தையும் கேட்டவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாவயே ஏமாத்தப் பாக்கறீங்களே!" ஆனாலும் கஞ்சி காய்ச்சினாள். உப்பை மட்டும் மறந்துபோனாள்.

ஃபாஜில் இரண்டாம் வேளைக்கே யூசுப் வீட்டு மாமியிடம் ஓடினான். "வீட்டுல தெனம் கஞ்சிதான்" என்று அவன் சொன்னதும் மாமி அழுதாள். மறுநாள் மத்தியானம் யூசுபே வந்து, கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்துக் கண்கலங்கினார்.

"கட நொடிச்சுப்போச்சா மச்சான்? ஒரு வார்த்த சொல்லலியே! கஷ்டப்படற வீடு, ஃபாஜில் விசாவத்தான் மொதல்ல முடிக்கணும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்த ஹபீப், விசா என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

"நானும் அன்னிக்குக் கோவத்துல, ஒங்கள உள்ள விட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்" என்றார் யூசுப். "நாளைக்குக் கஃப்பாரா சாப்பாடு. ஒம்பது பேர் கெடச்சுட்டாங்க. வெளியாள எதுக்குத் தேடணும்? நீங்க வந்துடுங்க."

உள்ளேயிருந்து கமருன்னிஸாவின் குரல் வந்தது. "சரின்னுடுங்க. கறி போடுவாங்க."

ஹபீப் போனார். காவிரியில் தண்ணீர் வராமல் நடவு நின்றுபோன வருஷம் அது. வேலையில்லாத கூலியாட்கள் ஒன்பது பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது இடம் துரைராசுவுக்குப் பக்கத்தில். ஹபீபின் கிடங்கில் எப்போதாவது மூட்டை தூக்க வருகிறவன் அவன்.

"மொதலாளி!" என்று பதறி எழுந்தான். "நீங்களும் நம்ம வரிசையா?"

துஆ ஓத வந்த ஹஜ்ரத் வாசலிலேயே நின்றுவிட்டார். "யூசுப் பாய், இவருக்குப் போட்டா ஒங்க கஃப்பாரா நெறவேறாது. இவரே பத்து பேருக்குப் போட வேண்டியவரு."

யூசுப் மச்சானைப் பார்த்தார். "அப்ப அந்தக் கஞ்சி?"

ஹபீப், உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பதிலை, பரிமாற வந்திருந்த ஃபாஜில் சொன்னான், ஒரு வரி விடாமல். யூசுபுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அந்தச் சிரிப்பு ஹபீபுக்கு அறை வாங்கியதைவிட வலித்தது.

மறுநாள் ஹபீப் வீட்டில் பத்து பேருக்கு இரண்டு வேளையும் நெய்ச்சோறு, கறி, தால்ச்சா. சமைத்தவள் கமருன்னிஸா, பரிமாறும் வாளியை அவர் கையில் திணித்தவளும் அவள்தான்.

"துரைராசு, போதுமா?" என்றார் ஹபீப், போதும் என்பான் என்ற நம்பிக்கையில்.

"இன்னங் கொஞ்சம் கறி வைங்க மொதலாளி" என்றான் அவன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.