நூல் வளைந்த மதியம்

என் பெயர் தாக் பியோங்-ஹோ, வால்பேப்பர் ஒட்டுகிற வேலை. தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நான் காகிதம் ஒட்டாத வீடுகள் குறைவு. ஒரு தாளும் அடுத்த தாளும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. இந்தத் தொழிலில் மானம் என்பது அதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இலையுதிர் காலத்தில், அந்த மானம் போயிற்று.

ஒட்டி முடித்த அறையைப் பார்த்து வீட்டுக்கார அம்மா இழுத்தார்.

"ஐயா, தாளெல்லாம் கோணலா இருக்கே?"

"உங்க சுவரு கோணல்மா. பழைய வீடுல்ல."

அவர் என்னோடு வாதாடவில்லை. கணவரைக் கூப்பிட்டார். அவர் நூல்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் நேராகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டிலும் ஆளில்லை.

வேலை இல்லாத மதியங்களில் நான் போவது குக் யோன்-சிம் நடத்தும் பாதுக் கூடத்துக்கு. பாதுக் என்பது கோடு போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய் வைத்து ஆடும் ஆட்டம். மீன் சந்தைக்கு எதிரே மாடியில் இருக்கிறது. கணவர் இறந்ததும் கூடத்தை மூடிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மூடவில்லை. அதோடு எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடவும் செய்தார். முதலாளியம்மா என்று கூப்பிடுவோம். அவர் எங்களை அண்ணே என்று கூப்பிட்டபடியே தோற்கடிப்பார்.

அந்த இலையுதிர் காலத்திலேயே ஒரு மதியம் நான் பியோன் சோக்-துவோடு ஆடிக்கொண்டிருந்தேன். மீன் ஏலத்தில் கூவிக் கூவித் தொண்டை பெருத்தவன். அவன் மெதுவாகப் பேசினாலே கீழே தெருவில் ஆள் நின்று பார்ப்பான். கோடுகள் வெட்டும் ஒரு புள்ளியில் நான் வெள்ளைக் காயை வைத்தேன். அவன் சிரித்தான்.

"டேய் பியோங்-ஹோ, அங்க வச்சா உன் மொத்தப் படையும் காலிடா! குடிச்சிருக்கியா?"

நான் குனிந்து பார்த்தேன். பலகையின் நடுவில் கோடுகள் பள்ளத்தில் இறங்குவதுபோல் வளைந்திருந்தன. நான் நினைத்த புள்ளி வேறு, காய் உட்கார்ந்திருந்த புள்ளி வேறு.

"பலகை வளைஞ்சிருக்கு. ஈரம் குடிச்சிருச்சு போல."

"ஆடத் தெரியாதவனுக்குப் பலகை கோணலாம்! கேட்டீங்களா முதலாளியம்மா?"

யோன்-சிம் காபிக் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "தாக் அண்ணே, இது போன மாசம் வாங்கின பலகை. என்னைப் பார்த்தா மட்டமான சாமான் வாங்குறவ மாதிரியா தெரியுது?"

மேசை இழுப்பறையிலிருந்து தையல்நூலை எடுத்து, பலகையின் நடுக்கோட்டின் மேல் இழுத்துப் பிடித்தார். சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க வளைஞ்சிருக்கு? காட்டுங்க."

"இதோ, இங்கதான். நூலும் சேர்ந்து வளையுதே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இழுத்துப் பிடித்த நூல் எப்படி வளையும்? சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

யோன்-சிம் நூலைச் சோக்-துவின் கையில் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். நூல் நேராக இருந்தது. பிறகு இடது கண்ணை மூடினார். நூல் நெளிந்தது, நடுவில் அறுந்தும் போயிருந்தது. அறுந்த இடத்தில் சாம்பல் நிறக் கறை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். முடி இருந்தது, காது இருந்தது. மூக்கும் வாயும் இல்லை.

"என் கூடப்பிறந்த அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் மெதுவாக. "வயசானா அப்படித்தான்னு விட்டுட்டாரு. ரெண்டு கண்ணும் போச்சு. நாளைக்குக் காலையில குவாங்ஜு கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"ஆட்டமா? நீங்க தோத்தாச்சு. எழுந்திருங்க."

சோக்-து முணுமுணுத்தான்: "தோக்குற நேரம் பார்த்துக் கண்ணைக் காட்டித் தப்பிக்கிறான் பாரு." ஆனால் மறுநாள் விடியும்போது என் வாசலில் வண்டியோடு நின்றவன் அவன்தான். யோன்-சிம் கூடத்தைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். படம் எடுத்துத் திரையில் காட்டினார். "ஐயா, விழித்திரைக்குப் பின்னாடி இருக்கக்கூடாத ரத்தக்குழாய் முளைச்சிருக்கு. அது கசியுது. அதனால விழித்திரையோட நடுப்பகுதி தூக்கிக்கிட்டு நிக்குது."

"சுவருக்குள்ள தண்ணிக் குழாய் கசிஞ்சா மேல ஒட்டுன காகிதம் உப்பிக்கும். அது மாதிரிங்களா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "அதேதான். இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லிடுறேன்."

"அப்ப இதைக் கிழிச்சுட்டு வேற ஒட்டிர முடியாதா?"

"இந்தக் காகிதம் ஒண்ணுதான் ஐயா, வேற கிடையாது. கசிவை நிறுத்தப் பார்க்கலாம். அதுக்குக் கண்ணுக்குள்ள ஊசி போடணும்."

கண்ணுக்குள் ஊசி என்றதும் பின்னால் தொம் என்று சத்தம். சோக்-து மயங்கி விழுந்திருந்தான். எனக்கு ஊசி போடும்வரை பக்கத்துக் கட்டிலில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பயந்த அளவுக்கு அந்த ஊசி வலிக்கவில்லை. அவன் விழுந்ததை நினைத்துச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. கசிவு மட்டும் நின்றது. அதற்குப் பிறகு நான் கூடத்துக்குள் நுழைந்தால் யோன்-சிம் முதலில் காபி தரமாட்டார். "ஒரு கண்ணை மூடுங்க. பலகையைப் பாருங்க. இப்ப அடுத்த கண்ணு," என்பார். பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் எரிச்சலோடு செய்வேன். மழைக்காலத்தில் ஒருநாள், இடது கண்ணிலும் ஒரு கோடு லேசாகத் துள்ளியது. அன்றைக்கே குவாங்ஜுவுக்குப் போனோம். உடனே வந்ததால்தான் இவ்வளவாவது தங்கியது என்றார் மருத்துவர்.

இவ்வளவாவது என்றால் இதுதான்: செய்தித்தாள் படிக்க முடியாது. பஸ் எண் தெரியாது. ஒருவரை நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் மங்கல் மட்டும். ஆனால் அவர் காதுக்குப் பக்கத்தில் பார்வையை வைத்தால் முகம் ஓரத்திலிருந்து வந்து சேரும். இதை மருத்துவமனையில் ஒரு பெண் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாள். வேலையை விட்டேன். கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். சோறு வடிக்கக்கூட மனம் வரவில்லை.

சோக்-து வந்து கதவை உதைத்தான். "டேய், ஆட்டத்தைப் பாதியில விட்டு ஓடுனவனே! வெளிய வா!"

தெரு முழுவதும் கேட்டது. வெட்கத்துக்குப் பயந்தே கதவைத் திறந்தேன்.

கூடத்தில் ஜன்னல் ஓரத்து மேசையை எனக்காக ஒதுக்கியிருந்தார்கள். கண் கூசாமலிருக்க மெல்லிய திரை. தச்சரிடம் சொல்லிச் செய்த பெரிய பலகை, அதில் தடித்த கோடுகள். சோக்-து ஒவ்வொரு காயையும் வைத்துவிட்டு எங்கே வைத்தான் என்று ஏலக்குரலில் அறிவித்தான். ஒருமுறை வேண்டுமென்றே தப்பாக அறிவித்தான். யோன்-சிம் அவன் மண்டையில் தட்டினார்.

"கண்ணு தெரியாதவர்கிட்டயுமா ஏமாத்து?"

"கண்ணு நல்லா இருந்தப்பவும் ஏமாத்தினேன். இப்ப மட்டும் நல்லவனா நடந்தா அவன் பயந்துருவான்ல!"

நெடுநாள் கழித்து அன்றுதான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

புதிதாக வருபவர்கள், நான் எங்கோ பார்த்தபடி பேசுவதால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள். "அவரு உங்களைத்தான் பார்க்குறாரு, பக்கத்துல நின்னு பேசுங்க," என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை.

இந்த வசந்தத்தில் யோன்-சிம்மிடம், கூடத்துச் சுவருக்குக் காகிதம் ஒட்டித் தருகிறேன் என்றேன். வருஷக்கணக்கான சிகரெட் புகையில் சுவர் தேநீர் நிறமாகியிருந்தது. வேண்டாம் என்றார். நான் விடவில்லை. சோக்-து ஏணியில் நின்று மேல்முனையைப் பிடித்தான். நான் பசை தடவி, தூரிகையால் நீவி, தாள்கள் சேரும் இடத்தை விரல் நுனியால் தடவித் தடவிப் பொருத்தினேன். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கு நாளாயிற்று. சோக்-து இரண்டு முறை பசை வாளிக்குள் காலை விட்டான்.

வேலை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து ஜாஜாங் நூடுல்ஸ் வரவழைத்துச் சாப்பிட்டோம். யோன்-சிம் பேரிக்காய் அரிந்து, ஒரு துண்டை என் கையில் வைத்தார். சொல்ல நினைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"முதலாளியம்மா, நீங்க அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு நூலை எடுக்கலேன்னா, இந்தப் பேரிக்காய் வெள்ளையா இருக்குன்னுகூட இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"சும்மா சாப்பிடுங்க அண்ணே."

"சாப்பிடுறேன். ரொம்ப நன்றிம்மா."

நான் அவர் காதுப் பக்கமாகப் பார்வையை நகர்த்தினேன். முகம் மெல்ல வந்து சேர்ந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது.