பதினேழாம் எண் பானெட்

எங்கள் வீட்டுக் காரை யாரும் தொட்டதில்லை. துடைத்திருக்கிறோம், எண்ணெய் மாற்றியிருக்கிறோம், தேய்ந்த டயரைக் கழற்றிப் புதிது போட்டிருக்கிறோம். ஆனால் தொழிற்சாலையில் அடித்த சிவப்பின் மேல் இன்னொரு சொட்டுப் பெயிண்ட் விழுந்ததில்லை. ஐம்பத்து நான்கு வருட வெயிலில் அது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. என் தகப்பனார் முழங்கையை ஊன்றி ஓட்டிய கதவு விளிம்பில் அலுமினியம் தெரிகிறது. அந்த இடத்தைத் துணியால் அழுத்தித் துடைக்க என் தம்பியைக்கூட நான் விடுவதில்லை.

என் சம்பந்தியின் கார் இதன் கூடப்பிறந்தது. ஒரே கப்பலில் வந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை என் தகப்பனார் வாங்கினார், மற்றதை அவருடைய தகப்பனார் வாங்கினார். வண்டிச் சட்டத்தில் குத்திய சேஸிஸ் எண் எங்களுடையது பதினேழு, அவர்களுடையது பதினாறு. இரண்டு பெரியவர்களும் ஒரே மலைப்பாதையில் பந்தயம் ஓட்டினார்கள், ஆனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு என் மகள், கட்டினால் அந்த வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். கட்டிவைத்தோம். சம்பந்தம் நன்றாகவே அமைந்தது. கார் விஷயத்தில் மட்டும் அவர் அவர், நான் நான்.

மூன்று வருடத்துக்கு முன் சம்பந்தி தன் வண்டியை முழுக்கப் பிரித்து, பழைய பெயிண்டை உரித்து, புதுச் சிவப்பு அடித்து, தலை வாரிக்கொள்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினார்.

"என்ன சம்பந்தி, மேக்கப் முடிஞ்சுதா?" என்று கேட்பேன்.

"உங்க அகழ்வாராய்ச்சி எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

நடுவில் என் மகள் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வருடத்துக்கொரு முறை பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கும். புதுப்பித்த வண்டிகள் ஒரு பிரிவு, தொடாத வண்டிகள் இன்னொரு பிரிவு. எங்கள் பிரிவில் நடுவர் எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி கேட்பார்: "தேய்கிற பாகங்களைத் தவிர, இதில் இருப்பதெல்லாம் இந்த வண்டியோடு பிறந்ததுதானா?" நான் பதினொரு வருடம் "ஆம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினொரு கேடயங்கள் முன்னறைச் சுவரில் இருக்கின்றன.

எங்கள் வண்டியில் எல்லோரும் விசாரிக்கிற ஒரு விஷயம் உண்டு. என்ஜினுக்கு மேல் மூடியாக வரும் பானெட்டை மூடினால், வலப்பக்க இடுக்கில் நகம் நுழையாது. இடப்பக்கம் சுண்டுவிரல் நுழையும். "கையால தகடு தட்டிச் செஞ்ச வண்டி. வரும்போதே அப்படித்தான்" என்பேன். நடுவர்கள் அதை ரசித்துக் குறித்துக்கொள்வார்கள். அது பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாவது வருடக் கண்காட்சி. மைதானத்தில் புல் வெட்டிய வாசனை, பெட்ரோல் வாசனை, எங்கு பார்த்தாலும் திறந்த பானெட்டுகள். பதினோரு மணிக்கு எங்கள் வண்டியை நடுவர் பார்க்க வேண்டும். பத்தேகாலுக்குத் தம்பி மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணா, பானெட்டுக்கு அடியில பின்விளிம்புல ஒரு கம்பளிப் பட்டை இருக்குல்ல, அது ஒரு பக்கம் பிஞ்சு தொங்குது. வழியில குலுங்கினதுல விட்டிருக்கு. ஒட்டறதுக்கு டிங்கரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

டிங்கர் என்றால் சம்பந்தியின் வண்டியைப் பதினான்கு மாதம் உரித்துத் தட்டிய அதே ஆள். நல்ல கைகாரர். கையில் பசை டியூபோடு பானெட்டுக்கு அடியில் தலையை நுழைத்தவர் வெளியே எடுக்கவே இல்லை. பிறகு ஒரு துணி கேட்டார். பிறகு டார்ச் கேட்டார்.

"ஐயா, உங்க வண்டி நம்பர் என்ன?"

"பதினேழு. ஏன்?"

"இதுல பதினாறுன்னு குத்தியிருக்கே."

குனிந்து பார்த்தேன். பட்டை மறைத்திருந்த இடத்தில், உளியால் குத்திய இரண்டு இலக்கங்கள். ஒன்று, ஆறு. ஐம்பத்து நான்கு வருடம் அழுக்குப்படாமல், நேற்றுக் குத்தியதுபோல இருந்தன.

"உங்க சம்பந்தி சாரோட பானெட்டை உரிச்சப்ப பதினேழுன்னு இருந்துச்சு," என்றார் டிங்கர். "நான் அப்பவே சொன்னேன். எவனோ தூக்கக் கலக்கத்துல குத்தியிருப்பான், விடுன்னுட்டார். ஐயா, இதெல்லாம் அந்தந்த வண்டிக்குன்னு தட்டி, அந்தந்த வண்டியில வச்சுத் துளை போட்டது. ஒண்ணோடது இன்னொண்ணுக்கு முழுசா உக்காராது. மாறிடக் கூடாதுன்னுதான் நம்பரே குத்தறது."

அந்த நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. எனக்குப் பத்தொன்பது வயது. மலைப் பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. என்ஜினை உலர்த்த இரண்டு வண்டிகளின் பானெட்டுகளையும் கழற்றி ஒரே ஷெட்டில், ஒரே சுவரில் சாத்தியிருந்தார்கள். இரண்டும் சிவப்பு, இரண்டும் ஈரம். அப்பா வெளியிலிருந்து "ஆச்சா, ஆச்சா" என்று கத்திக்கொண்டிருந்தார். கைக்கு எட்டியதைத் தூக்கிவந்து மாட்டினேன். இடது கீல் உட்காரவில்லை. மரச்சுத்தியலால் இரண்டு அடி போட்டு உட்காரவைத்தேன். இடைவெளியை அப்பா பார்த்துக் கேட்டபோது, "வரும்போதே அப்படித்தான்" என்றேன். சுத்தியலால்தான் கோணிற்று என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். பானெட்டே எங்களுடையது இல்லை!

தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னான்: "அண்ணா, ஒண்ணும் ஆகலை. பட்டையை ஒட்டிட்டா முடிஞ்சுது. எந்த நடுவரும் அதைப் பிச்சுப் பாக்கப் போறதில்லை."

"டிங்கர் பாத்தாச்சே."

"அவர் வாயே திறக்க மாட்டார்."

"என்னை ஏன் சார் இழுக்கறீங்க? நான் பசை போட வந்தவன்," என்றார் டிங்கர்.

"பதினொரு தடவை தெரியாமச் சொன்னேன்," என்றேன். "இப்பத் தெரிஞ்சே சொல்லச் சொல்றியா? அந்த ஃபாரத்துல மேல இருக்கறது நம்ம அப்பா பேருடா. மணி என்ன?"

"பத்து இருபது."

"எட்டு போல்ட்டு. ஸ்பானரை எடு."

தம்பிக்கு மயக்கம் வராத குறை. நான் வேட்டை நாய் மாதிரி மைதானத்தைக் குறுக்கே கடந்தேன். எழுபத்தோரு வயதில் அப்படி நடந்ததை என் மகள் இன்றும் நடித்துக் காட்டுகிறாள். சம்பந்தி தன் வண்டியின் முன்விளக்கை மெல்லிய துணியால் தடவிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர்கள் பிரிவைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டி நான் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க சம்பந்தி! என்ன, வழி தப்பிட்டீங்களா?"

"உங்க பானெட்டை நான் கழட்டணும்."

துணி அவர் கையிலேயே நின்றது. என் மகள் ஓடிவந்தாள். "அப்பா, வெயில்ல நின்னீங்களா? உக்காருங்க முதல்ல."

"உக்கார நேரமில்லை. சம்பந்தி, உங்க பானெட்டுல என்ன நம்பர்?"

அவர் முகம் மாறியது. எனக்குப் பின்னாலேயே வந்து நின்ற டிங்கரை ஒரு பார்வை பார்த்தார். டிங்கர் வானத்தைப் பார்த்தார்.

நான் நிமிர்ந்து நின்று, வளைக்காமல் சொன்னேன். மழை, ஷெட், சுவர், சுத்தியல். "ரெண்டு அடி போட்டேன். எங்கப்பாகிட்ட வரும்போதே அப்படித்தான்னு சொன்னேன். தப்பு எங்க வீட்டுது. மாத்திக் குடுக்க வந்திருக்கேன்."

சம்பந்தி துணியை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ரெண்டுதானா?"

"ரெண்டேதான்."

"நான் மூணு போட்டேன்," என்றார். "எனக்கு மிச்சம் இருந்தது உங்களுது. அதுவும் உக்காரலை. எங்கப்பாகிட்ட நானும் அதையேதான் சொன்னேன், வரும்போதே அப்படித்தான்னு. அவர் போனதுக்கப்புறமும் அந்த மூணு சொட்டையைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்குவேன். அதை மறைக்கத்தான் சம்பந்தி மொத்த வண்டியையும் உரிச்சேன்."

எங்கள் வண்டிக்கு அருகில் நான் யாரையும் அண்ட விடாததும் இதற்காகத்தானா என்று என் மகள் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆக, ரெண்டு பேரும் அவங்கவங்க அப்பாவுக்குப் பயந்துட்டு அம்பது வருஷமா ஒருத்தரை ஒருத்தர் நக்கல் பண்ணிட்டிருந்திருக்கீங்க. நல்லா இருக்கு!"

"மாமனாரைப் பாத்துப் பேசும்மா," என்றேன்.

"ரெண்டு பேரையும்தான் பேசறேன்ப்பா!"

சம்பந்தி சிரிக்கவில்லை. தன் பளபளப்பான பானெட்டைத் தடவினார். "இதை எடுத்துட்டு அந்த வெளுத்ததை மாட்டினா எனக்குப் பரிசு போச்சு. தெரியும்ல?"

"எனக்கும்தான் போச்சு. தொடாத பிரிவுல புதுப் பெயிண்டோட நிக்க முடியாது."

"அப்ப எதுக்கு நிக்கறோம்? வண்டியைத் தள்ளுங்கடா அந்தப் பக்கம்!" என்று கூவினார்.

இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். அவருடைய போல்ட்டுகள் இரண்டு விரலுக்கே கழன்று வந்தன. எங்களுடையவை அசையவில்லை. டிங்கர் எண்ணெய் விட்டுத் தட்டிக் கொடுத்தார். நான் ஸ்பானரில் தொங்கினேன், எனக்குப் பின்னால் தம்பி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கடைசிப் போல்ட் விட்டுக்கொடுத்தபோது இருவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டோம். அதற்குள் சுற்றி ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் ஒருவரும் நகரவில்லை.

பத்து ஐம்பதுக்குப் பளபளக்கிற பானெட்டை நான்கு பேர் தூக்கி எங்கள் செங்கல் நிற வண்டியின் மேல் கொண்டுவந்தோம். கீலில் துளையும் துளையும் தாமாகவே நேராக வந்தன. சுத்தியல் வேண்டியிருக்கவில்லை, நெம்ப வேண்டியிருக்கவில்லை. மூடினேன். டப்பா மூடுகிற மாதிரி ஒரே சத்தம். இடப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தேன். நகம் நுழையவில்லை! மறுபக்கம் சம்பந்தி "ஏய், உக்காந்துடுச்சு! உக்காந்துடுச்சுய்யா!" என்று டிங்கரின் முதுகில் அறைந்துகொண்டிருந்தார்.

சரியாகப் பதினோரு மணிக்குத் தலைமை நடுவர் அட்டையும் பேனாவுமாக வந்தார். கண்டிப்பான அம்மாள். வெளுத்த உடம்பில் கண்ணாடி போன்ற பானெட்டையும், கண்ணாடி போன்ற உடம்பில் வெளுத்த பானெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது என்ன விளையாட்டு?"

சம்பந்தி வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். எங்கள் வீட்டுப் பேச்சை நான்தான் பேச வேண்டும். பத்தொன்பது வயதில் அப்பாவிடம் சொல்லாததை அந்த ஐம்பது பேர் நடுவில் உரக்கச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முதுகும் வளையவில்லை.

"பழைய பானெட்டோடயே நின்னிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் அவர்.

"நீங்க கேட்டிருப்பீங்க, நான் ஆமான்னு சொல்லியிருக்கணும். பன்னெண்டாவது தடவையும் சொல்ல வேண்டாம்னுதான் இது."

"ஆனா இந்தப் பானெட் மறுபெயிண்ட். இந்தப் பிரிவுல விட முடியாது."

"அது எப்படி?" என்று கூட்டத்தில் ஒருவர் குதித்தார். "பானெட் இந்த வண்டியோடதுங்கறார். அதுதானே ஒரிஜினல்?"

"பெயிண்ட் போனா என்ன ஒரிஜினல்?" என்று இன்னொருவர்.

"வேற வண்டிப் பானெட்டை மாட்டிக்கிட்டு நிக்கறது மட்டும் ஒரிஜினலா?"

மைதானம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் வண்டிகளை விட்டுவிட்டு வந்தார்கள். நடுவர் எங்கள் எண்ணை அட்டையில் கோடு போட்டு அடித்தார். புதுப்பித்த பிரிவு நடுவர் வந்து சம்பந்தியின் எண்ணை அடித்தார். ஆனால் தலைமை நடுவர் உடனே போய்விடவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய அட்டையை எடுத்து, குனிந்து, பானெட்டின் விளிம்பு நெடுகிலும் ஓட்டினார். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். "என்ன வேலை!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பழைய கேடயமெல்லாம் திங்கக்கிழமை வந்து சேரும்," என்றேன்.

"அண்ணா!" என்றான் தம்பி. "முன்னறைச் சுவர்ல வெறும் ஆணியா நிக்குமே!"

"நிக்கட்டும்."

அவமானமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இல்லை. பந்தயம் ஓடி முடித்தவன் மாதிரி இதயம் அடித்துக்கொண்டிருந்தது. சம்பந்தி எங்கள் பழைய பானெட்டை, இல்லை, தன் பானெட்டை, குனிந்து ஆராய்ந்தார்.

"திங்கக்கிழமையே டிங்கர்கிட்ட விட்டு உரிச்சு அடிச்சுடறேன். அப்பத்தான் உடம்போட சேரும்."

எனக்குப் பகீரென்றது. "சம்பந்தி! அதுல எங்க வீட்டு வெயில் அம்பது வருஷம் விழுந்திருக்கு!"

"பானெட் என்னோடது."

"வெயில் என்னோடது!"

"அதை எங்க குத்தியிருக்கு?" என்றார். கூட்டம் சிரித்தது.

எங்கள் குடும்பம் அவர்கள் குடும்பத்திடம் எதையும் வேண்டிக் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூட அவர்கள்தான் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அதை அப்படியே வச்சிருங்க சம்பந்தி. தயவுபண்ணி."

"என்னது? சத்தம் பலமா இருக்கு, காதுல விழலை."

"தயவுபண்ணின்னேன்!"

அவர் கூட்டத்தை ஒரு முறை பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "சரி, தொடலை. ஆனா என் பாலீஷைப் போட்டு வெயில்ல காயவிட்டீங்கன்னா பாருங்க," என்றார்.

"தினமும் துடைக்கறேன்."

"மெல்லிய துணியால."

"மெல்லிய துணியாலதான்!"

கடைசியில் எல்லா வண்டிகளும் மைதானத்தை ஒரு சுற்று மெதுவாக வரவேண்டும் என்பது ஏற்பாடு. நீக்கப்பட்ட வண்டிகளுக்கு இடமில்லை என்று யாரோ சொல்லப்போனார்கள், கூட்டம் விடவில்லை. வரிசையின் கடைசியில் நான், எனக்குப் பின்னால் அவர். முதல் திருப்பம் வரை ஒழுங்காகத்தான் போனோம். இரண்டாவது திருப்பத்தில் அந்த வெளுத்த பானெட் என் வலது கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் வந்தது. தாண்டிவிட்டது! சம்பந்தி கையை வேறு ஆட்டினார்.

"அண்ணா, மெதுவாப் போகணும்னு சொல்லியிருக்காங்க," என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த தம்பி.

"பிடிச்சுக்கோ," என்று சொல்லி மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.