மாவில் இருக்கட்டும் கை

மந்தைவெளி முனையில் இருக்கும் அந்த இட்லிக் கடையில் அடுப்பு பாஞ்சாலியுடையது, அரிசி அவளுடையது, அனலில் வெந்த ஐம்பத்தெட்டு வயது உடம்பும் அவளுடையது. பணம் வாங்கும் ஸ்கேனர் அட்டை மட்டும் தம்பி செந்தில்குமாருடையது. "நான் பாத்துக்கறேன்க்கா" என்று சொல்லி அவன் ஒட்டிவைத்தது. "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அட்டையோடு வந்த ஒலிப்பெட்டி விடிந்தது முதல் கூவும். கூவல் அவள் காதுக்கு, காசு அவன் கணக்குக்கு.

கிரைண்டர் மோட்டார் புகைந்துபோனது. பழுது பார்க்கப் பணம் கேட்டாள்.

"கணக்குல இன்னா கீதுக்கா? பேங்க்காரன் புட்ச்சிகினான். உனக்கு இதெல்லாம் புரியாது, வுடு."

புரியாதாம். எத்தனை படிக்கு எத்தனை இட்லி என்று தூக்கத்திலும் சொல்லக்கூடியவளுக்குப் பணம் புரியாதாம்.

தன் கணக்குக்கே பணம் வர வைக்கக் கற்றுக்கொள்ள வங்கிக்குப் போனாள். மகளிர் உரிமைத் தொகை வரும் சொந்தக் கணக்கு அங்கேதான் இருந்தது; ஏடிஎம் கார்டு வீட்டில் உறை பிரிக்காமல் கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அவள் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டி, "ஆயிடுச்சும்மா, போங்க" என்றார். என்ன ஆயிற்று என்பது அவருக்கே வெளிச்சம். செல்போன் கடைக்காரரும் அதையே செய்தார். தரமணியில் வேலை பார்க்கும் மகள் கயலோ இன்னும் மோசம்.

"குடும்மா, நானே பண்ணிடறேன். நீ பண்றதுக்குள்ள விடிஞ்சிடும்."

கல்லாதவள் என்று பழிக்கிறார்கள். கற்க வந்தவளின் கையிலிருந்து சிலேட்டைப் பிடுங்கியும் கொள்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஞாயிறு மாலை, வெளியே அரைத்து வாங்கிய மாவில் உப்பைப் போட்டு, அண்டாவைக் கயல் முன் தள்ளினாள்.

"கலக்கு. ரெண்டு கையும் உள்ள."

"எதுக்கும்மா ரெண்டு கை?"

"மாவுலயே இருக்கட்டும். இப்ப வாயால சொல்லு."

கயல் சொன்னாள், பாஞ்சாலி தொட்டாள். தப்பான இடத்தில் தொட்டாள். "ஐயோ, அது இல்லம்மா, மேல" என்று எழுந்த கையை ஒரே பார்வை மறுபடி மாவுக்குள் அனுப்பியது. உறை பிரித்த கார்டின் எண்கள் ஏறியதும் ரகசிய எண் கேட்டது திரை.

"இன்னா நம்பர் போட்ட?"

"உனக்கு எதுக்கு? மாவப் பாரு."

மாவு தேவைக்கு மேல் கலங்கியது. கயலின் பொறுமை அதைவிடக் கலங்கியது. கடைசியில் பாஞ்சாலியின் பெயர் தாங்கிய ஸ்கேனர் சதுரம் திரையில் வந்து நின்றது. அன்றே ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, தம்பியின் அட்டை மேல் ஒட்டினாள்.

மறுநாள் பெட்டி ஊமையாயிற்று. ஒவ்வொருவரும் பணம் செலுத்தியதும் போனை எடுத்துத் தானே படித்தாள், எழுத்து எழுத்தாக.

"சீக்கிரம் ஆயா, பஸ் போயிடும்."

"நில்லு நைனா, பாக்கறேன்ல."

வியாபாரம் முடியும் நேரத்தில் செந்தில்குமார் வந்தான்.

"இன்னாக்கா, காலைலேர்ந்து ஒரு மெசேஜும் வரல. யாவாரம் இல்லியா?"

"அண்டாவப் பாரு."

அண்டா வழித்துக் காலியாகக் கிடந்தது. அட்டையைப் பார்த்தான், பெயரைப் படித்தான்.

"யாரு பண்ணிக் குட்த்தது?"

"யாரும் பண்ணித் தரல."

"போனக் குடு, சரியா கீதான்னு பாக்கறேன்."

நீட்டிய கைகளில் காலி அண்டாவை வைத்தாள்.

"கிரைண்டர் கடைக்குப் போறேன். வர்றதுக்குள்ள இதக் கழுவி வை."