பன்னிரண்டாவது பெண்

பதினோரு பேர் போதாது என்று ஆய்வு நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பன்னெண்டு நேர்காணல்னு எழுதிக் குடுத்துதானே அனுமதி வாங்கினே? இப்ப பதினொண்ணுன்னு வந்து நின்னா எப்படி?"

பன்னிரண்டாவது பெண் ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதை ஆய்வு மாணவியான சின்னவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். நெறியாளர் காதில் அது ஏறவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைச் சம்பளமும் விடுமுறையும் இல்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. சமூகவியலில் இரண்டு வருட எம்.ஃபில். படிப்பு. அதற்காக ஊரெல்லாம் அலைந்து, யார் யார் வீட்டுக் கதவையோ தட்டி, பதினோரு பேரைப் பிடித்திருந்தாள். பன்னிரண்டாவது ஆள் தினமும் தனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது அன்று சாயங்காலம்தான் அந்தப் படிப்பாளியின் கண்ணில் பட்டது.

அவள் தங்கிப் படித்தது அக்கா வீட்டில். அக்காவின் மாமனார் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலில் ஒரு பித்தளை மணியைக் கட்டிவிட்டிருந்தார்கள். தண்ணீர் வேண்டும், புரட்டிப் போட வேண்டும், துணி நனைந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் மணிதான். மணி அடித்தால் அக்கா போவாள். மழை பெய்தால் தரை நனைவதைப் போல அந்த வீட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட என்னடி கேக்கப் போறே? எனக்கு என்ன தெரியும்?" என்று அக்கா முதலில் சிரித்தாள். பேரும் அடையாளமும் எங்கேயும் வராது என்று சத்தியம் செய்து, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஒலிப்பதிவுக் கருவியை மேஜையில் வைத்தாள் சின்னவள். ஒன்றும் தெரியாதவள் ஒன்றரை மணி நேரம் பேசினாள். நடுநடுவே எழுந்து போய்விட்டு வந்து, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்கினாள்.

"வாரத்துல ஒரு நாளாவது, இவர் போய்ச் சேர்ந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது. அவர் மேல கோபமெல்லாம் இல்ல, பாவம். எனக்கு ஒரு நாள் முழுசா தூங்கணும், அவ்வளவுதான்."

சின்னவள் ஆராய்ச்சிக்காரி ஆயிற்றே, அழாமல் குறிப்பெடுத்தாள். பிறகு எல்லாவற்றையும் எழுத்தில் இறக்கி, அக்கா எழுந்து போன இடங்களில் 'மணி ஒலி, இடைவெளி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டாள். அடையாளம் தெரியாமல் இருக்க மாமனாரை மாமியார் ஆக்கினாள், நான்கு வருடத்தை ஆறு ஆக்கினாள், மணியைச் சுவரில் தட்டும் கைத்தடி ஆக்கினாள். ஆய்வேடு முடிந்துவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மூன்றாம் நாளே நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எழுத்துப்பிழை மலிஞ்சு கிடக்கு. மெய்ப்பு பாத்துக் கொண்டா. திங்கட்கிழமை காலையில கடைசி, ஞாபகம் இருக்கட்டும். விட்டா அடுத்த வருஷம்தான்."

அக்காவின் கணவர், அதாவது அத்தான், அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவர். இருபது வருடமாகப் பாடப்புத்தகத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்று பெயர். விஷயம் காதில் விழுந்ததும் உரிமையோடு கோபித்துக்கொண்டார். "என்ன டாக்டரம்மா, ஆளை வீட்டுலயே வச்சுக்கிட்டு வெளியில தேடுறியா?" இந்தப் படிப்புக்கு டாக்டர் பட்டம் வராது என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. அவர் விடுவதாக இல்லை.

பன்னிரண்டை எடுத்துவிட்டால் ஆய்வேடு போச்சு, ஒரு வருடம் போச்சு. விட்டு வைத்தால் தன் அப்பா சாகவேண்டும் என்று மனைவி நினைப்பதை அந்த மனிதர் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். வேறு ஆளிடம் கொடுத்தாலோ, 'ஏன்?' என்று கேட்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சின்னவள் அடுப்படிக்குப் போய் அக்காவிடம் பக்கங்களை நீட்டினாள். அக்கா நின்றபடியே படித்தாள்.

"என்னடி இது கைத்தடி? நம்ம வீட்டுல ஏது தடி?"

"உன்னை யாரும் கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு மாத்தினேன்க்கா."

"மாத்தாதே. மணின்னே போடு. மாமனார்னே போடு. நாலு வருஷம்னே போடு."

"அக்கா, அத்தான் படிக்கப் போறாரு!"

"படிக்கட்டும்." அக்கா அடுப்பை அணைத்தாள். "அவர்கிட்ட சொல்லணும்னு எத்தனை தடவை வாயெடுத்திருக்கேன், தெரியுமா? ஒவ்வொரு தடவையும் மணி அடிச்சிரும். எழுத்துலயாவது படிக்கட்டுமே. என்ன சொல்றாருன்னு பாக்கலாம்."

பேட்டி கொடுத்தவர் திருத்தச் சொன்னால் திருத்தியே ஆகவேண்டும். படிவத்தில் அந்த விதியை எழுதியது சின்னவளேதான். மறுபேச்சில்லாமல் போய் மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் சிவப்புப் பேனாவோடு கூடத்து மேஜையில் உட்கார்ந்தார். எதிரே அக்கா, துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் திருத்திய பக்கங்களைக் கணினியில் ஏற்றுகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பேனா சளைக்காமல் ஓடியது. பன்னிரண்டாவது நேர்காணலை அவர் கையில் எடுத்தபோது மணி நான்கு. அக்கா ஒரே விரிப்பை மூன்றாவது தடவையாக மடித்தாள்.

அத்தான் மெதுவாகப் படித்தார். முன்பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"டாக்டரம்மா, இங்க வா."

சின்னவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அக்காவின் கைகள் நின்றன.

"பேட்டிக்கு நடுவுல எட்டு தடவை மணி அடிச்சுதுன்னு கடைசிக் குறிப்புல எழுதியிருக்கே. நான் எண்ணிப் பாத்தேன். ஒன்பது தடவை அடிச்சிருக்கு." எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினார். பிறகு தலையை ஆட்டினார். "பாவம்டி இந்தப் பொம்பளை. நல்லா மாட்டிக்கிட்டிருக்கா. வீட்டுல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களாம். 'ஒருத்தர் படிச்சுக்கிட்டே இருப்பாரு, ஒருத்தி எழுதிக்கிட்டே இருப்பா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்கும்'னு சொல்றா பாரு. என்ன ஜென்மங்களோ!"

அந்த வரியைச் சின்னவள்தான் தட்டச்சு செய்திருந்தாள். மஞ்சள் கோடிட்டு, 'குடும்பத்தாரின் பாராமுகம்' என்று பக்கத்தில் குறித்து, மற்ற பதினோரு பேர் சொன்னதோடு சேர்த்து அட்டவணையும் போட்டிருந்தாள். எழுதிக்கொண்டே இருக்கும் ஒருத்தி யார் என்று அவளுக்கு இந்த நிமிடம் வரை கேட்கத் தோன்றவில்லை. அக்காவைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே மணி அடித்தது.

"ஏய், அப்பா கூப்பிடுறாரு பாரு" என்றார் அத்தான், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா எழவில்லை. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிரக் காத்திருந்தாள். மணி மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

சின்னவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்டே? காலையில குடுக்கணும்ல? உக்காரு, அவ போவா."

"நான் போறேன் அத்தான்."

"விடுடி" என்றாள் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. "உனக்கு அவரைப் புரட்டிப் போடத் தெரியாது."

உண்மைதான். இரண்டு வருடத்தில் சின்னவள் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அக்கா மடித்த விரிப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி நின்றது.

அத்தான் கடைசி வரி வரை பேனா முனையை ஓட்டிப் பார்த்துவிட்டு, பக்கங்களைத் தட்டி அடுக்கி, சின்னவளிடம் நீட்டினார்.

"பன்னெண்டுல வேற தப்பு ஒண்ணும் இல்ல" என்றார்.