மச்சான் சாமான்

லாரி ஷெட்டின் வாசலில் முதலாளியின் கார் நின்றது. அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மச்சான், சிவப்பாய்ப் பளபளத்த காற்று மெஷினைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவு மெஷின்தான். விர்ரென்று ஒரு சத்தம். சுற்றி நின்றவர்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் கார் டயர் விண்ணென்று ஆகிவிட்டது.

"எப்படி அத்தான்? பெட்டியைப் பாருங்க, காத்தழுத்தம் நூத்தம்பது பாயிண்ட் வரைக்கும் போகும்னு போட்டிருக்கான். லாரிக்கு நூத்திப்பத்துதானே? தாராளம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வது? மச்சான் என்றால் முதலாளியம்மாவின் கூடப் பிறந்த தம்பி. அவர் இந்த ஷெட்டுக்குச் சப்ளை செய்த தார்ப்பாய் முதல் மழையிலேயே ஒழுகியது. டார்ச் லைட்டோ, வெளிச்சம் இருக்கும்போது மட்டும் பிரமாதமாக எரிந்தது. இதற்கெல்லாம் சேர்த்து டிரைவர்கள் வைத்த பெயர் 'மச்சான் சாமான்'. பெயர் வைத்துச் சிரித்தார்களே ஒழிய, ஒருத்தராவது வாயைத் திறந்து கேட்டதுண்டா? கிடையாது. முதலாளியம்மா சிபாரிசு, நமக்கு எதுக்கு வம்பு என்று நகர்ந்துவிடுவார்கள்.

இந்தச் சாமான்களுக்கெல்லாம் 'சோதித்துப் பார்த்தேன், தரம் நன்று' என்று கையெழுத்துப் போட்டது பர்ச்சேஸ் மேடம். நல்ல மனுஷிதான். ஆனால் வம்பு என்றால் தெருவின் மறுபக்கம் போய் நடப்பவள். ஆபீசில் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பொருமித் தீர்ப்பாள்.

இந்த முறை விஷயம் தார்ப்பாயோடு போகிற விஷயமில்லை. போன மாதம் ஒரு டிரைவர், பின்சக்கரத்தில் காற்று இறங்கியிருப்பதைப் பார்த்தும், அடுத்த டயர் கடை வரைக்கும் மெல்ல உருட்டிவிடலாம் என்று ஓட்டிப் போனார். டயர் சூடேறி வெடித்து, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார். அதற்குப் பிறகுதான் முதலாளிக்கு உறைத்தது. எல்லா லாரிகளிலும், படுக்கையும் அடுப்புமாகக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் பெரிய வேன்களிலும், வண்டிக்கு ஒரு காற்று மெஷின் வைப்பதென்று முடிவு செய்தார்.

கைதட்டல் ஓய்ந்து மேடம் தன் மேசைக்குத் திரும்பியபோது, அந்த டிரைவரின் மனைவி காத்திருந்தாள். புருஷனின் சிகிச்சை விஷயமாக வந்தவள் முகத்தில் அன்று கொஞ்சம் தெளிவு இருந்தது.

"அக்கா, வண்டிக்கு வண்டி மெஷின் வைக்கப் போறாங்களாமே? நீங்கதான் சோதிச்சு வாங்குறீங்கன்னு அவர் சொன்னாரு. அது போதும்க்கா. இனிமே அந்தாளை வண்டியிலயே ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இப்போ தைரியமா அனுப்பலாம்னு தோணுது."

மேடத்துக்குச் சுருக்கென்றது. ஒழுகின தார்ப்பாயில் நனைந்தது மூட்டைகள். இதில் போகப்போவது ஆள். என் கையெழுத்தை நம்பி ஒருத்தி புருஷனை வழியனுப்புகிறாள், நானோ லாரிப் பக்கமே கொண்டுபோகாத மெஷினுக்கு நன்று என்று எழுதப் போகிறேன் என்று நினைத்தாள். நேராக முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், நாளைக்கு இதை லோடு லாரியில வெச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் கார்ல பார்த்தாச்சேம்மா?"

"நம்ம ஷெட்டுல ஓடுறது லாரி சார்."

அன்று மாலை புருஷனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு டயர் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாக் கடைகளிலும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "நிறுத்தாம எவ்வளவு நேரம் ஓடும்?" பெட்டிமேல் இருந்த பெரிய நம்பரைத்தான் கடைக்காரர்கள் மாறி மாறிக் காட்டினார்கள். கடைசியில் ஒருத்தர் மட்டும், "அப்படிக் கேளுங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு மெஷினைத் தூக்கிவந்தார். அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கறுப்பு நிறம், இரட்டை சிலிண்டர், நல்ல கனம். பாட்டரியிலேயே நேராகக் கவ்வும் கிளிப்பும், வண்டியின் வால் வரைக்கும் எட்டும் டியூபும் இருந்தன. நாளைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று நம்பிக் கொடுத்தார். "இந்தக் கனத்தை மடியில வெச்சுக்கிட்டு எங்கிட்ட மெதுவா ஓட்டச் சொல்ற பாரு" என்று புருஷன் வழியெல்லாம் கிண்டலடித்தான்.

மறுநாள் காலையில் ஷெட்டே லாரியைச் சுற்றி நின்றது. மேடம் சொன்னபடி பின்பக்க ஜோடிச் சக்கரத்தில் உள் டயரின் காற்றைப் பாதிக்கு இறக்கியிருந்தார்கள். மச்சான் சிரித்துக்கொண்டே சிவப்பு மெஷினை எடுத்தார். டியூப் எட்டவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறொரு டியூபைத் தேடி மாட்டி ஓடவிட்டார். விர்ரென்று கிளம்பியது. முள் எழுபதைத் தொட்டது. அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம் கிளம்பி, மெஷின் தானாக அணைந்தது.

"அதுக்கு ரெஸ்ட் குடுக்கணும்" என்றார் மச்சான். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நூத்தம்பது வரைக்கும் தாங்கும்னுதான் பெட்டியில போட்டிருக்கு. அதுவரைக்கும் நிக்காம ஓடும்னு போடலையே" என்றாள் மேடம். "கார் டயர்ல கையளவு காத்து. இதுல மூட்டையளவு காத்து. காருக்கு இது நல்ல மெஷின் சார், குறை சொல்ல மாட்டேன். லாரிக்கு ஆகாது."

கறுப்பு மெஷினை மாட்டினாள். அது அவசரமே படாமல் கடகடவென்று ஓடியது. எண்பது, தொண்ணூறு, நூறு. நூற்றுப்பத்தில் முள் வந்து நின்றபோது டிரைவர்கள் விசிலடித்தார்கள். சூடு ஆறுவதற்குள் வாடகை வேனிலும் மாட்டிப் பார்த்தார்கள், அதையும் ஒரு கை பார்த்தது.

முதலாளி அவள் காதோரம் வந்து கெஞ்சினார். "எல்லாம் சரிம்மா, என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியாததா? சிவப்புக்கே கையெழுத்தைப் போட்டுடு."

"மாட்டேன் சார். வேற ஆளை வெச்சுப் போட்டுக்கங்க. நான் போட மாட்டேன்."

சொல்லிவிட்டாள்! வேலை போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்து நின்றாள். அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஷெட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் முதலாளியம்மா கருகல் நாற்றத்துக்குப் பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். கூட்டம் சட்டென்று வழிவிட்டது. நடந்ததை மேடம் ஒளிக்காமல் சொன்னாள். உங்கள் சிபாரிசு என்றுதான் இவ்வளவு நாளும் பேசாமல், 'மச்சான் சாமான்' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டு இருந்தோம் என்பதையும் சொன்னாள்.

"சிபாரிசா? நான் எப்போ பண்ணினேன்?" முதலாளியம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இவன்கிட்ட வாங்குங்கன்னு என்னைக்காவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?"

"சொல்லல... நீ கோவிச்சுக்குவேன்னு நானாத்தான்..."

"ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த ஷெட்டில் அவளைக் கேட்டவர் ஒருவருமில்லை. யாரும் பண்ணாத சிபாரிசுக்குப் பயந்து இத்தனை நாள் மூட்டைகள் மழையில் நனைந்திருக்கின்றன!

"டேய் தம்பி, பசிச்சா மேல வா, சோறு போடுறேன். வியாபாரம்னா எல்லாரையும் போல வரிசையில வந்து நில்லு. உனக்காக அடுத்தவ வீட்டு ஆள் உயிரை நான் தூக்கிக் குடுக்க முடியாது." பிறகு டிரைவர்களைப் பார்த்தாள். "நீங்க மட்டும் என்ன? முதுகுக்குப் பின்னாடி பேர் வெச்சுச் சிரிக்கத் தெரிஞ்சுது, முன்னாடி வந்து சொல்ல வாய் வரலையா? மட்டமான சாமான் உள்ளே வர்றது விக்கிறவனால மட்டும் இல்ல, வாயை மூடிக்கிட்டுக் கைதட்டுறவனாலயும்தான்."

கூட்டம் தலைகுனிந்தது. அவள் மேடத்தின் கையைப் பிடித்துக் கறுப்பு மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இனிமே இந்த ஷெட்டுல யாரும் ஆள் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். இந்த அம்மா மாதிரி சாமானைப் பார்த்து வாங்குங்க."